நிலையிலிருந்து நிலைக்கு

குத்தாலத்தில் ஒரு மேட்டைக் காட்டு என்றால், ரயில்வே ஸ்டேஷன் பிளாட்பாரத்தையோ காவிரிக் கரையையோதான் காட்ட வேண்டும். வேறு மேடு கிடையாது. தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 57 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே கடல் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தால் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவுகூட வரவில்லை. இந்தத் தட்டை தண்ணீருக்குத் தொல்லை. மட்டம் கொஞ்சம் தவறினாலும் வாய்க்கால் எதிர்த்திசையில் போகும், கடைமடைக்காரன் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். ஆனால் தேருக்கு இது வரம்.

ஆரூர்த் தேர் பார்க்கக் குத்தாலத்திலிருந்து கிளம்புகிறவர்கள் மயிலாடுதுறை போய், பேரளம், பூந்தோட்டம், நன்னிலம் என்று தெற்கே இறங்குவார்கள். வழி நெடுக ஏற்ற இறக்கம் என்று ஏதாவது இருந்தால் அது ஆற்றுப் பாலந்தான். திருவாரூர் நான்கு வீதியும் இதே மண்ணில்தான் கிடக்கின்றன. தியாகராஜர் ஏறும் ஆழித்தேரின் எடை அலங்காரத்தோடு 300 டன் என்று சொல்வது வழக்கம். நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் சரிந்த தெருவில், அதாவது நூறடி நடந்தால் ஓரடி இறங்கும் தெருவில் இதை நிறுத்தினால், சரிவு மட்டுமே 3 டன் விசையோடு தேரைக் கீழே இழுக்கும். மலையடிவார ஊர்க்காரர்களுக்கு அது சாதாரணச் சரிவு. டெல்டாவின் சரிவில் அதே தேரை இழுப்பது 200 கிலோ விசைதான், பத்து ஆள் வடம் பிடித்தால் சரிக்கட்டிவிடலாம். தமிழ்நாட்டின் மிகப் பெரிய தேர் இந்த மண்ணில் எழுந்ததற்குச் சோழர்களின் பக்தியும் பணமும் காரணம் என்பார்கள். நான் மூன்றாவதாகக் காவிரி கொண்டுவந்து நிரவிய வண்டலையும் சேர்த்துக்கொள்வேன்.

தேரின் வயது யாருக்கும் திட்டமாகத் தெரியாது. 7ஆம் நூற்றாண்டில் அப்பர் திருவாரூரைப் பாடும்போதே ஆழித்தேர் அவர் பாட்டில் வந்துவிடுகிறது. அவர் பார்த்த மரம் இப்போது இல்லை. தேர் என்பது மரம் மாறிக்கொண்டே இருந்து பெயர் மாறாத பொருள். 1920களில் ஒரு தேரோட்டத்தில் தீப்பிடித்து எரிந்து போனது. புதிதாகச் செய்து 1930ல் ஓட்டினார்கள். 1948க்குப் பிறகு மறுபடி நின்றது. வருஷம் ஒன்று, இரண்டு என்று இல்லை, இருபது வருஷத்துக்கு மேல் நிலையிலேயே நின்றது. மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, வடபாதிமங்கலம் தியாகராஜ முதலியாரும் கைகொடுக்க, 1970ல் திரும்ப ஓடியது. 2010க்குப் பிறகு பழுதுபார்ப்பதற்காகப் பிரித்துப் போட்டு, 2015ல் வெள்ளோட்டம் விட்டார்கள். சொந்த மாவட்டத்துக்காரரான ஒரு நாத்திக முதலமைச்சர் தேரை ஓட்டிக் காட்டியது பற்றி இரண்டு பக்கமும் நிறையப் பேசியிருக்கிறார்கள். எனக்குப் பேசத் தோன்றுவது வேறு ஒன்றைப் பற்றி. நின்றுபோன தேரை ஓட வைப்பதற்கு வேண்டியிருந்த இருபத்திரண்டு வருஷத்தில் இழுப்பதற்கு ஆள் இல்லாமல் போகவில்லை. ஆள் எப்போதும் இருந்தார்கள். அச்சும் சக்கரமும்தான் இல்லை.

நிற்கும் தேரைப் பார்த்தால் அதற்கு ஒன்றும் நடக்காதது போலத் தெரியும். உண்மையில் அது ஓய்வே எடுப்பதில்லை. 300 டன்னும் நான்கு சக்கரத்தின் வழியாகத் தரையை அழுத்திக்கொண்டிருக்கின்றன. சக்கரம் ஒவ்வொன்றும் ஆளை விட உயரம். ஆனால் தரையைத் தொடும் இடம் கையகலந்தான். அந்த இடத்தில் தார் வெயிலில் இளகி, சக்கரம் லேசாகப் பதிந்துவிடும். அச்சுக்கும் குடத்துக்கும் நடுவில் இருந்த மசகு பிதுங்கி வெளியே போய், இரும்பும் இரும்பும் முத்தமிட்டுக்கொண்டு இருக்கும். அதனால்தான் தேரை முதல் அடி நகர்த்துவது பெரும்பாடு. ஓடிக்கொண்டிருக்கும் தேரை ஓட்ட வேண்டிய விசையை விட, நிற்கும் தேரைக் கிளப்ப வேண்டிய விசை எப்போதும் கூடுதல்.

வடம் மட்டும் இதற்குப் போதாது. தேருக்கு முன்னால் நான்கு வடங்கள் கிடக்கின்றன, ஒவ்வொன்றும் நூறு மீட்டருக்கு மேல் நீளம். ஆயிரம் பேர் பிடித்தாலும் ஆயிரம் பேரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை. முன்னால் இருப்பவன் இழுக்கும்போது பின்னால் இருப்பவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருப்பான். நாரும் கயிறும் நீளும், நீண்டு இறுகும், இறுகிய பிறகுதான் இழுப்பு தேருக்குப் போய்ச் சேரும். மேளமும் “ஆரூரா, தியாகேசா” என்ற கூச்சலும் இந்த இடத்தில் பக்திக்கு மட்டும் இல்லை. ஆயிரம் தோளை ஒரே நொடிக்குக் கொண்டுவரும் வேலையும் அவற்றுக்கு உண்டு. அதே சமயத்தில் பின்னால் தடி போடுவார்கள். நீளமான மரத்தைப் பின்சக்கரத்துக்கு அடியில் கொடுத்து, மறுமுனையில் பத்துப் பதினைந்து பேர் ஏறி அழுத்துவார்கள். இருபதடி நெம்புகோலில் பத்தொன்பதடி நமக்கு, ஓரடி தேருக்கு என்று வைத்தால், ஒருவன் பத்தொன்பது பேராகிவிடுகிறான். இப்போது புல்டோசர் பின்னாலிருந்து தள்ளுகிறது. சிலருக்கு இது வருத்தம். எனக்கு வருத்தம் இல்லை. தேர் கிளம்பாமல் நான்கு நாள் தெருவில் கிடந்த காலத்தில் வருத்தப்பட்டவர்களை யாரும் கணக்கெடுக்கவில்லை.

கிளம்பிய பிறகு என்ன? சாலையும் அச்சும் சேர்ந்து எடையில் நூற்றுக்கு மூன்று பங்கு தடுப்பதாக வைத்துக்கொள்வோம். 9 டன் ஆகிறது. ஓர் ஆள் விடாமல் 20 கிலோ விசையில் இழுக்க முடியும் என்றால், 450 பேர் இழுத்தால் தேர் அதே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். வேகம் கூடாது, குறையாது. 450 பேரின் பாடும் உராய்வுக்கே சரியாகப் போய்விடுகிறது. 451ஆவது ஆளிலிருந்துதான் தேரின் வேகம் கூடுகிறது. இன்னும் ஐம்பது பேர் கைகொடுத்தால், அந்த உபரி ஒரு டன் விசை தேரை நடை வேகத்துக்கு, நொடிக்கு ஒரு மீட்டருக்கு, கொண்டுவர அரை நிமிஷம் ஆகும். இதே ஒரு டன் விசையை ஒரு டன் காரின் மேல் காட்டினால் அது ஒரே நொடியில் மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தைப் பிடிக்கும். நிலைமம் என்று புத்தகத்தில் படித்ததற்கு இதை விடப் பெரிய கண்காட்சி நம் ஊரில் கிடையாது. பொருள் எவ்வளவு நிறையோ, அவ்வளவுக்கு அது இருக்கும் நிலையை விட மறுக்கிறது.

ஆனால் தேர் ஒரு விஷயத்தில் நம்மை ஏமாற்றியும் விடுகிறது. வடத்தை விட்டதும் தேர் நின்றுவிடும். நடை வேகத்தில் வந்த தேர், நான் சொன்ன உராய்வில், மூன்றரை நொடியில், இரண்டு எட்டு வைக்கும் தூரத்துக்குள் நின்றுவிடும். ஆயிரம் வருஷமாக இதைப் பார்த்துக்கொண்டிருந்த ஊர்க்காரன் என்ன முடிவுக்கு வருவான்? இழுத்தால் ஓடும், இழுக்காவிட்டால் நிற்கும். எல்லாப் பொருளுக்கும் இயல்பு நிற்பதுதான், ஓட்டத்துக்குத்தான் விசை வேண்டும். கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் வந்ததும் இதே முடிவுக்குத்தான். தேரும் மாட்டுவண்டியும் அரிஸ்டாட்டில் கட்சி. கலிலியோ வழவழப்பான சரிவுகளில் குண்டுகளை உருட்டிவிட்டு, உராய்வைக் குறைத்துக்கொண்டே போனால் குண்டு போய்க்கொண்டே இருக்கிறதே என்று கண்டு சொன்னார். 1687ல் நியூட்டன் அதை விதியாக எழுதினார்: விசை எதுவும் தொடாதவரை நிற்பது நிற்கும், ஓடுவது அதே நேர்கோட்டில் அதே வேகத்தில் ஓடும். விசை வேண்டியது ஓடுவதற்கு இல்லை, மாறுவதற்கு. தேர் நிற்பது அதன் குணம் இல்லை, தெருவின் வேலை.

தேரிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது, கழுத்தை நிமிர்த்திப் பார்க்க வேண்டும். அடியில் இருக்கும் கனத்த மரத்தட்டுக்கு மேலே மூங்கிலும் கட்டையும் கட்டி, தேர்ச்சீலை சுற்றி, தொம்பை தொங்கவிட்டு, கலசம் வரைக்கும் 96 அடி எழுப்புகிறார்கள். கீழே சக்கரம் நின்றதும் மேலே கலசம் நிற்பதில்லை. அது போன திசையிலேயே இன்னும் கொஞ்சம் போகும், கயிறு இழுத்துப் பிடிக்கும், திரும்பி வரும், இரண்டு மூன்று ஆட்டம் ஆடித்தான் அடங்கும். தொம்பைகளும் அதே போல முன்னால் வீசும். அசைந்து வரும் அழகு என்று நாம் சொல்வதெல்லாம் மேல்பாதிக்குச் சேதி தாமதமாகப் போய்ச் சேர்வதுதான். பழைய ஆசாரிகள் கனத்தை எல்லாம் கீழ்த்தட்டில் வைத்து, மேலே மூங்கிலையும் துணியையும் வைத்தது சிக்கனத்துக்காக இல்லை. 96 அடி வரைக்கும் மரமாக எழுப்பியிருந்தால், ஒரு குலுக்கலில் சாய்ந்திருக்கும்.

உயரத்துக்கு இன்னொரு விலை உண்டு, அது இயற்பியலில் வராது. தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் 2022 ஏப்ரல் 27 அதிகாலை, அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். ஆழித்தேரோடு ஒப்பிட்டால் அது சின்னத் தேர். வருஷா வருஷம் பழைய சாலையின் மேலேயே புதுச் சாலை போட்டு மட்டத்தை உயர்த்திக்கொண்டே போகிறோம், கம்பி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. தெருவின் அளவு தெரியாமல் தேரின் அளவை முடிவு செய்யக் கூடாது என்பது அந்தக் காலத்து ஸ்தபதிக்குத் தெரிந்த பாடம்.

இனி முட்டுக்கட்டைக்கு வருவோம். என் கணக்கில் தேரோட்டத்தின் கதாநாயகன் அதுதான்.

வடத்தால் இழுக்கத்தான் முடியும். பிடித்து நிறுத்த முடியாது, பக்கவாட்டில் தள்ள முடியாது. கயிற்றின் பிறவிக் குணம் அது. தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. முன்னச்சும் பின்னச்சும் ஒன்றுக்கொன்று நேராக, திரும்பாமல் பொருத்தியவை. அப்படியானால் ஆயிரம் பேர் கிளப்பிவிட்டதை யார் ஓட்டுகிறார்கள்? சக்கரத்துக்குப் பக்கத்திலேயே குனிந்தபடி பின்னோக்கி நடந்து, கைப்பிடி வைத்த கட்டையை நீட்டி நீட்டி எடுக்கிற நாலைந்து பேர். வலப்பக்கச் சக்கரத்துக்குக் கீழே கட்டையின் ஓரத்தைக் கொடுத்தால் அந்தச் சக்கரம் தயங்கும், தேர் வலப்பக்கம் முகம் திருப்பும். கொஞ்சம் கூடக் கொடுத்தால் முகப்பு எதிர்வீட்டுத் திண்ணைக்குப் போய்விடும். குறைத்துக் கொடுத்தால் கட்டை நொறுங்கும், இல்லாவிட்டால் தெறித்து முழங்காலில் அடிக்கும். சக்கரம் கட்டையைத் தொடுவதற்கும் ஏறுவதற்கும் நடுவில் இருக்கும் நேரத்தில் கையை எடுத்துவிட வேண்டும்.

ஒரு கட்டையால் எப்படி 300 டன் நிற்கிறது? இரண்டரை மீட்டருக்கு மேல் விட்டமுள்ள சக்கரத்துக்கு முன்னால் வெறும் ஐந்து அங்குல உயரக் கட்டையை வைத்தால், அதன் மேல் சக்கரத்தை ஏற்ற, அந்தச் சக்கரம் தாங்கும் எடையில் ஏறக்குறையப் பாதி அளவு விசை முன்னோக்கி வேண்டும். முன்சக்கரம் இரண்டும் சேர்ந்து 150 டன் தாங்குகின்றன என்றால், அது 70 டன்னுக்கு மேல். தேரை ஓட்டிக்கொண்டிருந்தது 9 டன். எட்டு மடங்கு ஆளை எங்கே போய்க் கூட்டுவது? தேரின் எடையையே தேருக்கு எதிராகத் திருப்பிவிடுகிறது கட்டை. எடை கூடக் கூட அதன் பிடியும் கூடும். மெதுவாக வரும் தேருக்கு அது போதும். வேகமாக வந்தால் போதாது. நடை வேகத்தில் வரும் ஆழித்தேரின் இயக்க ஆற்றல், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஒரு சின்னக் காரின் ஆற்றலுக்குச் சமம். கட்டையைத் தொடும் ஓரடிக்குள் அதை விழுங்கியாக வேண்டும். வேகம் இரட்டிப்பானால் விழுங்க வேண்டியது நான்கு மடங்கு. தேரை ஓட விடாதே, நடக்க விடு என்று பெரியவர்கள் சத்தம் போடுவது இதற்காகத்தான்.

இப்போது நிலைமை கொஞ்சம் தேவலை. திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் இரும்பு அச்சும் செய்து கொடுத்து, ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தியது. கொதிகலன் செய்கிற கம்பெனி தேருக்கு பிரேக் செய்ததைத் தமிழ்நாட்டுத் தொழில் வரலாற்றில் ஒரு வரியாவது எழுத வேண்டும். முன்பெல்லாம் தேர் நிலைக்குத் திரும்பப் பல நாள் ஆகும். எந்தத் தெருவில் நிற்கிறதோ அந்தத் தெருவிலேயே திருவிழாவும் நடக்கும். இப்போது காலையில் கிளம்பி அன்றைக்கே நிலைக்கு வந்துவிடுகிறது. ஆனால் பிரேக் வந்தும் கட்டை போகவில்லை. பிரேக்கால் நிறுத்த முடியும், திசை திருப்பக் கட்டைதான்.

நான்கு வீதி என்றால் நான்கு முனை. கீழவீதியில் தெற்கு பார்த்துக் கிளம்பிய தேர் தெற்கு வீதிக்கு, பிறகு மேலவீதிக்கு, பிறகு வடக்கு வீதிக்கு, கடைசியில் மறுபடி கீழவீதிக்கு, ஒவ்வொரு முனையிலும் வலப்பக்கமே திரும்ப வேண்டும். வண்டி திரும்புவது போலத் திரும்ப முடியாது, ஏனென்றால் அச்சு திரும்பாது. ஆகவே தேரை இழைத்துத்தான் திருப்ப வேண்டும். முனையில் இரும்புத் தகடுகளைப் பரப்பி, கிரீஸைக் குழைத்துப் பூசி, சக்கரங்களை அதன் மேல் ஏற்றுவார்கள். ஒரு பக்கம் கட்டை, மறுபக்கம் வடம், பின்னால் புல்டோசர். சக்கரம் உருளாமல் பக்கவாட்டில் வழுக்கும்.

அரிஸ்டாட்டில் கட்சியிலிருந்து தேர் விலகுவது இந்த இடத்தில்தான். இதுவரைக்கும் அதை அடக்கி வைத்திருந்த உராய்வைக் கிரீஸ் எடுத்துவிட்டது. இழுப்பை நிறுத்திய பிறகும் தேர் நகரும். திரும்பத் தொடங்கியது திரும்பிக்கொண்டே இருக்கும், போதும் என்று நாம் நினைத்த இடத்தைத் தாண்டியும் திரும்பும். அதை நிறுத்த எதிர்ப்பக்கத்தில் முன்கூட்டியே கட்டை வைத்துக் காத்திருக்க வேண்டும். நேர்வீதியில் கிளப்புவதுதான் கஷ்டம், முனையில் நிறுத்துவதுதான் கஷ்டம். வடம் பிடித்தவர்கள் இங்கே மூச்சு வாங்கிக்கொண்டு தண்ணீர்ப் பந்தலுக்குப் போய்விடுவார்கள். கட்டை போடுகிறவர்களுக்குத்தான் இங்கே வேர்க்கும். தேரோட்டத்தை விவரமாகப் பார்த்தவர்கள் வீதியில் நிற்க மாட்டார்கள், முனையில்தான் இடம் பிடிப்பார்கள்.

திருவாரூர் தன் தலைக்கதையாக வைத்திருப்பதும் நிற்காத ஒரு தேரின் கதையைத்தான். மனுநீதிச் சோழன் மகன் வீதிவிடங்கன் தேரேறி வந்தான், துள்ளி வந்த கன்று சக்கரத்தில் சிக்கியது, தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. சேக்கிழார் பெரியபுராணத்தில் சொன்ன பிறகு கல்லிலும் அதைச் செய்து கோயிலுக்கு வெளியே வைத்திருக்கிறார்கள். எல்லோரும் அதை நீதிக் கதையாகவே படிக்கிறார்கள். எனக்கு அதில் ஓட்டுபவனின் கணக்கும் தெரிகிறது. கண்ணில் பட்ட நொடிக்கும் கை செயல்படும் நொடிக்கும் நடுவில் தேர் தன் பழைய வேகத்திலேயே வந்துகொண்டிருக்கும். இளவரசன் வேண்டுமென்று ஏற்றவில்லை என்று அமைச்சர்கள் வாதாடியது பொய்யாக இருக்காது. ஆனால் நிறுத்த முடியாத வேகத்தில் தெருவில் வந்தது யார் குற்றம் என்பதுதான் கேள்வி. சோழன் அதற்குச் சொன்ன பதில் ஊருக்கே தெரியும்.

வடக்கு வீதி முனையைத் தாண்டியதும் மிச்சம் இருப்பது கொஞ்சம் தூரந்தான். ஆனால் நிலையில் தேரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நுணுக்கம். ஓரடி முன்னால் போனாலும் தப்பு, ஓரடி பின்னால் நின்றாலும் தப்பு. பின்னுக்கு இழுக்க முடியாதே. ஆகவே கடைசி நூறடியில் இழுப்பைக் குறைத்துக்கொண்டே வந்து, கட்டையை நெருக்கி நெருக்கி வைத்து, சாணளவாக நகர்த்துவார்கள். நான்கு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை விழுந்த பிறகுதான் வெடி போடுவார்கள். கிளம்பிய இடத்திலேயே வந்து நின்றுவிட்டதால் இடப்பெயர்ச்சி கணக்கில் பூஜ்யம் என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் 9 டன் விசையில் ஒவ்வொரு மீட்டராக இழுத்த பாடு எங்கேயும் திரும்பி வரவில்லை. அது சூடாகி அச்சிலும் தாரிலும் போய்விட்டது. தேர் நிலைக்கு வந்த பிறகு அச்சுப் பக்கம் கை வைத்தால் சுடும்.

அடுத்த பங்குனியில் ஆரூருக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். வடம் பிடித்து இழுப்பவர்களின் படம் எல்லாப் பத்திரிகையிலும் வருகிறது, நீங்களும் எடுப்பீர்கள், எடுங்கள். ஆனால் செல்போனைத் தூக்கிக்கொண்டு சக்கரத்துக்கு முன்னால் போய் நிற்காதீர்கள். கட்டை போடுகிறவருக்குப் பின்வாங்க நான்கு முழம் இடமாவது வேண்டும், அந்த இடத்தை அவருக்கு விட்டுக்கொடுங்கள். அறநிலையத் துறையும் கோயில் நிர்வாகமும் அவர்களுக்கு ஒரு நாள் கூலியோடும் சால்வையோடும் முடித்துக்கொள்ளாமல், காப்பீடும் நிரந்தரச் சம்பளமும் கொடுத்து, இளைஞர்களை அந்த வேலைக்குப் பழக்க வேண்டும். வடம் பிடிக்க ஆள் எப்போதும் கிடைப்பார்கள்.